இன்னொரு வேளை

தம் வீட்டுக் கணினியைப் பற்றி 'கெட்டுப்போச்சு' என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லி நான் ஒருமுறையும் கேட்டதில்லை. 'எந்திரிக்க மாட்டேங்குது' என்றுதான் சொல்வார். நான் வேலைவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடும்.

"தங்கச்சி, வந்துட்டியா? அது காலையிலேர்ந்து எந்திரிக்க மாட்டேங்குது. சாப்பிட்டுட்டு வா. அவசரமில்ல."

அவசரமில்லை என்பது பொய். நான் தட்டின் முன் உட்கார்ந்தால் வேலியோரம் அவர் இருமிக்கொண்டே நிற்பது கேட்கும். பாதிச் சோற்றோடு எழுந்து போன நாட்கள் அதிகம்.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரும் அவரை டிரசர் என்றே அழைத்தோம். பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஆஸ்பத்திரி நடத்தியவர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் சில கட்டில்கள், ஒரு மருந்தறை, எப்போதாவது எட்டிப்பார்க்கும் டாக்டர். மற்ற நேரமெல்லாம் டாக்டரும் டிரசர்தான். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது அவர் ஓய்வு பெற்று ஈப்போவுக்கு வந்துவிட்டார். மனைவி எப்போதோ இறந்திருந்தார். ஒரே மகள் பினாங்கில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தாள். அச்சகத்தில் கழித்துப்போட்ட கணினி ஒன்றை, படம் திருத்தும் மென்பொருளோடு சேர்த்து அவள்தான் கொண்டுவந்து வைத்தாள். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வரிசையில் வேறு எந்த வீட்டிலும் கணினி கிடையாது. என் அலுவலகத்தில் அப்போதுதான் தட்டச்சுப் பொறியை எடுத்துவிட்டு எங்களைக் கணினிக்கு மாற்றியிருந்தார்கள். அந்தத் தகுதி ஒன்றே என்னை அவருடைய கணினிக்கு மருத்துவச்சி ஆக்கிவிட்டது.

அது எழுந்திருப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதற்குள் எதுவும் தங்காது. ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் நாம்தான் ஃப்ளாப்பி எனும் நெகிழ்வட்டுகளிலிருந்து ஊட்ட வேண்டும். முதலில் தொடக்க வட்டு. பிறகு மவுஸ் வேலை செய்வதற்கான சின்ன நிரல். அதன் பிறகுதான் படம் திருத்தும் நிரல். கடைசியாக, பக்கத்துப் பிளவில் படம் இருக்கும் வட்டைச் செருகிக் கொக்கியைத் திருப்ப வேண்டும். வரிசை மாறினால் மவுஸைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கொக்கி சரியாக விழாவிட்டால் வட்டு தயாராக இல்லை என்று நிற்கும். இடையில் வேறு நிரலை ஓட்டியிருந்தால் நினைவகம் போதவில்லை என்று நிற்கும். நான் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து வரிசையாகப் போட்டுக் கொடுப்பேன். எழுந்துவிடும்.

டிரசருக்கு இந்த விளக்கங்கள் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. அவர் அவற்றைத் தம் கணக்கில் மொழிபெயர்த்துக்கொண்டார். திரை இருட்டாக இருந்து விசிறி மட்டும் ஓடினால், "மூச்சு இருக்கு, கண்ணு தொறக்கல." நினைவகம் போதவில்லை என்றால், "வயிறு உப்பிக்கிச்சு." நான் போவதற்கு முன்பே முதலுதவி செய்து முடித்திருப்பார். புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துச் சூடு பார்த்திருப்பார். ஒருமுறை பெட்டியின் தலையில் ஈரத்துணி மடித்துப் போட்டிருந்தது.

"ஐயா, இது என்ன?"

"நல்ல சூடு தங்கச்சி. இறங்கட்டும்னு போட்டேன்."

"உள்ள தண்ணி இறங்குனா உங்களையும் சேத்து அடிச்சிரும்யா."

"சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சுதான் போட்டேன். எனக்குத் தெரியாதா?"

துணியை எடுத்து, மேலே துடைத்து, காயவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அன்று எனக்குத் தலைவலி. அதையும் கண்டுபிடித்து, போகும்போது இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வட்டைப் படிக்க முடியாதபோது அந்தக் கணினி ஒரு கேள்வி கேட்கும். நிறுத்திவிடவா, திரும்பவும் முயலவா, பொருட்படுத்தாமல் போகவா என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. டிரசர் 'ஆர்' என்ற எழுத்தைத் தவிர வேறு எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. ரிட்ரை. வட்டு கரகரக்கும், மறுபடி அதே கேள்வி வரும், மறுபடி 'ஆர்'. பக்கத்தில் நின்று நான் பெருமூச்சு விட்டால் திரும்பாமலே சொல்வார்:

"இன்னொரு வேளை பாப்போம்."

வேளை என்பது தோட்டத்து ஆஸ்பத்திரிச் சொல். காலை, மதியம், மாலை என்று தகரக் குவளையில் ஊற்றிக் கொடுக்கும் மருந்துத்தண்ணீர் ஒரு வேளை. எந்த முடிவுக்கும் முன்னால் அவருக்கு இன்னொரு வேளை தேவைப்பட்டது. குழாய் ஒழுகினால், கூரையில் ஓடு நகர்ந்தால், மகள் பினாங்குக்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், எல்லாவற்றுக்கும் அதே பதில்.

எதிர் வீட்டு டாக்சிக்காரருக்குக் காலில் புண் வந்தது. சர்க்கரை வியாதி உள்ளவர். டிரசர் தினமும் போய்ப் பஞ்சால் துடைத்து, மருந்து வைத்துக் கட்டிவிடுவார். அவர் கட்டும் கட்டு, பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஒரு சுற்று மேலே ஒரு சுற்று, மடிப்பில்லாமல், முடிச்சு எங்கே என்று தெரியாது. டாக்சிக்காரரின் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாய்யா?"

"இன்னொரு வேளை பாப்போம்மா. சதை சிவப்பாத்தான் இருக்கு."

ஒரு நாள் அந்த அம்மாள் யாரையும் கேட்காமல், புருஷனை அவருடைய டாக்சியின் பின் இருக்கையிலேயே தூக்கிப்போட்டு, மைத்துனரை ஓட்டச் சொல்லிக் கொண்டுபோய்விட்டார். ஒரு விரலை எடுத்த பிறகுதான் விட்டார்கள். திரும்பி வந்த அன்று வாசலில் நின்று டிரசரைப் பார்த்துச் சத்தம் போட்டார். "உங்க வேளைக்கு ஒரு முடிவே கெடையாதாய்யா? பொணமானதுக்கப்புறமும் ஒரு வேளை ஊத்துவீங்களா?" வரிசையே வெளியே வந்து பார்த்தது. டிரசர் மெதுவாக, "மத்த விரலெல்லாம் என்ன நெறத்துல இருக்கு?" என்று கேட்டார்.

டாக்சிக்காரருக்கு அவர்மேல் கோபமே வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்காதது. "வெரலுதானே லா, போனா போகுது. பிரேக் மிதிக்கிற காலு இது இல்ல," என்று சிரித்தார். அடுத்த வாரமே வேலியைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து, டிரசர் முன்னால் காலை நீட்டினார். ஆஸ்பத்திரியில் கட்டினால் வலிக்கிறதாம், இவர் கை பட்டால் வலிக்காதாம். டிரசரும் ஒன்றும் நடக்காததுபோலப் பஞ்சை எடுத்தார்.

கணினி எதற்கு என்று நான் முதலில் கேட்கவில்லை. ஓய்வு பெற்றவர், பொழுதுபோக்கு என்று நினைத்தேன். பிறகு மகள் ஒரு விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேவாலயத்தில் திருமணம், பிறகு மண்டபத்தில் விருந்து. மண்டபத்து வாசல் மேசையில் அம்மாவின் படம் ஒன்று வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் படம் இல்லை. கல்யாணப் படத்தைத் தோட்டத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருந்தது ஆஸ்பத்திரி முகப்பில் எடுத்த ஒரு குழுப்படம். அதில் வரிசையின் ஓரத்தில் அம்மா நிற்கிறார். படம் எடுத்த நொடியில் உள்ளே ஏதோ நோயாளியின் குழந்தை அழ, திரும்பிவிட்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை இழுப்பு மட்டும்.

"அம்மா மொகம் எனக்குத் தெரியாதுக்கா. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போய்ட்டாங்க. அப்பா ஒருத்தருக்குத்தான் தெரியும்," என்றாள். அச்சகத்தில் அந்தப் படத்தைக் கணினிக்குள் ஏற்றி, அம்மா நிற்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கி ஒரு வட்டில் போட்டு வந்திருந்தாள். இழுப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக முகத்தை வைப்பதுதான் டிரசரின் வேலை. கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி. ஒரு புள்ளி தள்ளிப்போனால் ஆளே மாறிவிடும். அவருக்கோ கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது. இடது கண்ணைச் சுருக்கி, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்துதான் வேலை செய்வார்.

அந்த முகத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. நிரல் எழுந்து, படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கத் தொடங்கியதும் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "சரி தங்கச்சி, நீ போ. களைச்சிருப்ப." தினமும் அதை எழுப்பிவிட்டவள் நான், அந்த நெற்றியைக்கூட நான் பார்த்ததில்லை. வட்டுக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுக்கிறேன் என்று பல தடவை கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஒரு ஆளுக்கு ரெண்டு ஒடம்பு எதுக்கு?" வட்டை ஒரு தகர டப்பாவில் போட்டு, பழைய மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

ஒரு மாலை, நிரல் ஏறுவதற்குக் காத்திருந்தபோது அவராகவே பேசினார். அந்த நிரல் ஏற நேரம் பிடிக்கும். வட்டு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நோயாளியின் விவரம் சொல்வதுபோல அதே குரல்தான்.

"தோட்டத்துல லாரி ஏத்துறதுன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது. தாப்பா டவுன் பெரியாஸ்பத்திரிக்கு. ஏறுனவன் பாதிப் பேரு திரும்ப மாட்டான். முத்திப்போனப்புறம் ஏத்துனா எப்படித் திரும்புவான்? ஆனா சனங்க, லாரிதான் கொல்லுதுன்னு நம்பிருச்சு. என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுங்க, அனுப்பாதீங்கய்யான்னு. நானும் இன்னொரு வேளை பாப்போம்னுவேன். முக்காவாசிப் பேருக்கு நல்லாயிரும். அதான் தங்கச்சி கெட்டது. முக்காவாசிப் பேருக்கு நல்லாயிரும்."

புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துச் சூடு பார்த்தார்.

"அவளுக்குக் காய்ச்சல். பாப்பா பொறந்து கொஞ்ச நாள்தான். லாரி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. டிரைவரு எஞ்சின நிறுத்தாமத்தான் வச்சிருந்தான். அவ, வேணாங்க, புள்ளைய விட்டுட்டுப் போக மாட்டேன்னுட்டா. நான்தான் வெளிய போயி, எஞ்சின நிறுத்துடான்னு சொன்னேன்."

திரையில் மென்பொருளின் சட்டம் வந்தது. "ஆ, எந்திரிச்சிருச்சு," என்று நாற்காலியை இழுத்தார். நான் வீட்டுக்கு வந்து, அன்றைக்குத் துவைக்க வேண்டிய துணியைத் துவைத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் வந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. ஈப்போவில் மழை பிடித்தால் அலமாரிச் சட்டை, செருப்பு, புத்தக அட்டை எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். டிரசர் வேலியோரம் வந்து நிற்காத ஒரு மாலை, நானே சந்தேகப்பட்டுப் போனேன். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து 'ஆர்' விசையை அழுத்திக்கொண்டிருந்தார். பிளவுக்குள் வட்டு சுற்றும் சத்தம் மாறியிருந்தது. மணல் மேல் தகரத்தை இழுப்பதுபோல ஒரு சத்தம்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்குய்யா?"

"காலையில டிஸ்க்க எடுத்துப் பாத்தேன். வெள்ளை வெள்ளையாப் பூத்திருந்துச்சு. பூஞ்சை. அதான் சுத்தம் பண்ணிப் போட்டேன்."

"எப்படிச் சுத்தம் பண்ணீங்க?"

"எப்படிப் பண்ணுவாங்க? ஸ்பிரிட்டும் பஞ்சும்தான்." மேசையில் இருந்த கிண்ணத்தைக் காட்டினார். "பாரு, எவ்வளவு அழுக்கு! கீழ்ப்பக்கம் அழுத்தித் தேச்சதும் எப்படி வந்துச்சு பாரு."

கிண்ணத்தில் பஞ்சு உருண்டைகள் பழுப்பாகக் கிடந்தன. அயோடின் நிறம். அது அழுக்கில்லை. வட்டின் மேல் பூசியிருக்கும் பூச்சு அந்த நிறம்தான்; படம் எழுதப்பட்டிருப்பது அந்தப் பூச்சில்தான். புண்ணைத் துடைப்பதுபோல அவர் அக்கறையாக அதைத் துடைத்து எடுத்திருந்தார்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஐயா, இனிமே சுத்த விடாதீங்க," என்றேன். "ஒவ்வொரு சுத்துக்கும் இன்னும் உரியும். எடுத்து வச்சிருவோம். இதுமாதிரி டிஸ்க்குலேர்ந்து மிச்சத்த எடுக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க."

"எங்க?"

"பினாங்குல இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார். கேள்வி அங்கேயே நின்றிருந்தது. "இன்னொரு வேளை பாப்போம்," என்று சொல்லி 'ஆர்' விசையைத் தட்டினார். தகரம் மணலில் இழுபட்டது. நான் கையை நீட்டிக் கொக்கியைத் திருப்பப் போனேன். அவர் என் கையைத் தள்ளவில்லை. தம் கையைப் பிளவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார், நோயாளியின் கட்டிலுக்குக் குறுக்கே நிற்பதுபோல. மின்சாரத்தை நிறுத்தினால் பிறகு எழுப்பிக்கொள்ளலாம் என்று நான் சொன்ன சமாதானத்துக்குத்தான் இணங்கினார். அன்றே பொதுத் தொலைபேசிக்குப் போய் மகளை அழைத்தேன்.

அவள் சனிக்கிழமை வந்து இறங்கியபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. வட்டு பிளவுக்குள் இருந்தது. எத்தனை தடவை சுற்றவிட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, போதும். எடுங்க."

"சத்தம் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்மா. இன்னொரு வேளை…"

"அப்பா." அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள். "லாரி கத எனக்கும் தெரியும். தோட்டத்துல இருந்த ஒவ்வொரு அம்மாவும் எனக்குச் சொல்லியிருக்காங்க. நான் உங்கள ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கவும் மாட்டேன். இத மட்டும் அனுப்புங்க."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவரே கொக்கியைத் திருப்பி, வட்டை வெளியே எடுத்தார். அலமாரியைத் திறந்து கட்டுப்போடும் வலைத்துணி எடுத்து, ஒரு சுற்று மேலே ஒரு சுற்றாக, மடிப்பில்லாமல் அதைச் சுற்றினார்.

"யாரு கூடப் போறது?" என்று கேட்டார்.

"நான்தான் எடுத்துட்டுப் போறேனே."

"நீ வேலைக்குப் போயிருவ. கூட ஒரு ஆள் இருக்கணும். தோட்டத்துலகூட யாரையும் நாங்க தனியா ஏத்துனதில்ல."

அவர் பினாங்குக்குப் போனார். ஒரு மாடிக் கடையில், வட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் சீனர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் தினமும் போய் உட்கார்ந்திருந்தாராம். அந்த மனிதர் முதலில் எரிச்சல்பட்டு, பிறகு தேநீர் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று மகள் சொன்னாள்.

இருவரும் திரும்பி வந்த மாலை, நான் வேலைவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். புது வட்டு ஒன்றில் எடுக்க முடிந்ததை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நான் வரிசைப்படி போட்டேன். தொடக்க வட்டு, மவுஸ் நிரல், படம் திருத்தும் நிரல். எல்லாம் முதல் தடவையிலேயே எழுந்தது. டிரசர் கிட்டே வரவில்லை; சுவரோரம் நாற்காலியில் இருந்தார். இந்தத் தடவை என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

படம் மேலிருந்து இறங்கியது. நடுவகிடு. நெற்றி. புருவம். கண்கள். புள்ளிகளால் ஆன கண்கள் என்று தோன்றவே இல்லை. ஏதோ சொல்லவந்து நிறுத்தியவரைப்போலப் பார்த்தன. மூக்கு. மூக்கின் நுனிக்குக் கீழே படம் கிழிந்தது. அங்கிருந்து அடிவரை வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

"அம்மா," என்றாள் மகள், கூப்பிடுவதுபோல. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, கண்ணு எவ்வளவு அழகா இருக்கு! இது போதும்பா. கீழ பூ வச்சு மறைச்சிரலாம்."

அவர் எழுந்து வந்தார். ஒரு கண்ணைச் சுருக்கி, திரையில் மூக்குப் படக் குனிந்து, மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"கண்ணு அவளோடது இல்லம்மா."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம்.

"எவ்வளவோ பாத்தேன், கண்ணு ஞாபகத்துக்கே வரல. நீ லீவுக்கு வந்தப்பல்லாம் ஒன் கண்ணப் பாத்துப் பாத்துப் போட்டது அது. நெத்தியும் அப்படித்தான். மூக்கும் ஒன்னோடதுதான். வாய் மட்டும்தான் அவளோடது. அது ஒன்னுதான் எனக்கு நல்லாத் தெரியும்."

மகள் நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தாள். மவுஸை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பி அவளிடமே வைத்தார்.

"இப்ப புள்ளியே தெரிய மாட்டேங்குதும்மா."

"சரி, நான் போடுறேன். நீங்க சொல்லுங்க."

கோடுகளை அழித்து அந்த இடத்தை வெள்ளையாக்கினாள். முதல் புள்ளியை வைத்தாள். "மேல் உதடு எப்படிப்பா?" "மெலிசு." "இப்படியா?" "இல்ல." "ஓரம் கீழ இறங்குமா?" "இறங்காது. இறங்குற மாதிரி இருக்கும்." அழித்தாள். "இப்படியா?" "இல்லம்மா." தோட்டத்தில் எந்தப் புண்ணையும் ஒரு சொல்லில் சொல்லிவிடும் மனிதருக்கு அந்த உதட்டைச் சொல்ல வரவில்லை. காற்றில் விரலால் வரைந்தார். அவள் விரலைப் பார்த்துப் புள்ளி வைத்தாள். "இப்படி?" "இல்ல." மழை விட்டது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அவள் அழிப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள். குரலில் சலிப்பைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி கேட்டாள்.

"இப்படியாப்பா?"

"ஆமா," என்றார் டிரசர். "இதான். இதேதான். போதும், விட்டுரு."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதைச் சொன்னபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் களைப்பில் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.